ஜகார்த்தா 1962: தூதரகத்தின் மீது கல், மைதானத்தில் தங்கம்

ஜவ்வாது மலையடிவாரத்தில் அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் பிள்ளைகள் பந்தோடு கிளம்பிவிடுவார்கள். சரிவான நிலம். கீழ்ப்பக்கக் கோல் வாங்கும் அணிக்குப் பந்தை எடுத்து வரவே பாதி நேரம் போய்விடும். சென்ற மாதம் ஆட்டம் முடிந்து திரும்பிய மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். சையத் அப்துல் ரஹீம் பற்றிய 'மைதான்' என்ற இந்திப் படத்தைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறான். "ஹஜ்ரத், இந்தோனேசியா முஸ்லிம் நாடுதானே? நம்ம டீமுக்குக் கோச் ஒரு முஸ்லிம். அப்புறம் ஏன் அங்க நம்ம தேசிய கீதத்துக்கே கூச்சல் போட்டாங்க?"

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "படம்தானே, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தபோது, அந்தக் கூச்சலைப் படம் கற்பனை செய்யவில்லை என்று தெரிந்தது. கேட்டதும் நியாயமான கேள்விதான். அதற்கான பதில் 1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஜகார்த்தாவில் இருக்கிறது. பலஸ்தீனப் பிரச்சினையும் அதற்குள் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நண்பர்களாக இருந்த இரு நாடுகள்

இந்தோனேசியாவும் இந்தியாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விடுதலை பெற்ற நாடுகள். டச்சுக்காரர்கள் இந்தோனேசியாவை மீண்டும் பிடிக்க முயன்றபோது, 1949 ஜனவரியில் நேரு புது தில்லியில் ஆசிய நாடுகளின் மாநாட்டைக் கூட்டி அந்நாட்டுக்காகக் குரல் கொடுத்தார். இந்தியாவின் முதல் குடியரசு தின விழாவுக்கு, 1950 ஜனவரி 26 அன்று, சிறப்பு விருந்தினராக வந்தவர் இந்தோனேசிய அதிபர் சுகர்னோ. 1955 ஏப்ரலில் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடியபோது இந்த இருவரும் ஒரே மேடையில் இருந்தார்கள். அந்த மாநாட்டுக்கு இஸ்ரேல் அழைக்கப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆசிய விளையாட்டுப் போட்டியே தில்லியில் பிறந்ததுதான். 1951 மார்ச்சில் முதல் போட்டி அங்கே நடந்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர்களில் முக்கியமானவர் குரு தத் சோந்தி. லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு வருவார். அந்த 1951 போட்டியில் இந்தியக் கால்பந்து அணி முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவை 3-0 என வென்று, இறுதியில் ஈரானை 1-0 என வீழ்த்தித் தங்கம் வாங்கியது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம்.

நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி இந்தோனேசியாவுக்குக் கிடைத்தது. சுகர்னோ அதைப் பெரும் கௌரவமாக எடுத்துக்கொண்டார். சோவியத் கடனுதவியில் செனயானில் லட்சம் பேர் அமரக்கூடிய அரங்கம் எழுந்தது. ஹோட்டல் இந்தோனேசியா திறக்கப்பட்டது. வறுமை நிறைந்த, விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நாடு, உலகத்தின் முன் தலைநிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டது. காலனி ஆட்சியில் இருந்து வந்த நமக்கு அந்த ஆசை புரியாததல்ல.

விசா கிடைக்காத இரண்டு நாடுகள்

போட்டியை நடத்தும் நாடு ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பின் எல்லா உறுப்பு நாடுகளையும் அழைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்றுத்தான் இந்தோனேசியா போட்டியை வாங்கியது. இஸ்ரேலும் தைவானும் அப்போது உறுப்பு நாடுகள். 1954 மணிலாவிலும் 1958 டோக்கியோவிலும் இரண்டும் பங்கேற்றிருந்தன. ஆனால் 1962-இல் ஜகார்த்தா இந்த இரு அணிகளுக்கும் விசா தரவில்லை.

காரணம் ரகசியமல்ல. இந்தோனேசியா மக்கள் சீனக் குடியரசை அங்கீகரித்த நாடு, பீஜிங்கோடு நெருக்கம். அதனால் தைவான் கூடாது. அரபு நாடுகளோடும் பலஸ்தீன மக்களோடும் இந்தோனேசியா நின்றது. அதனால் இஸ்ரேல் கூடாது. பின்னதில் இந்தோனேசியாவின் நிலைப்பாடு திடீரென்று வந்ததல்ல. அந்நாட்டு அரசியல் சாசனத்தின் முகவுரையே உலகிலிருந்து காலனி ஆதிக்கம் ஒழிய வேண்டும் என்று பேசுகிறது. 1958 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் இஸ்ரேலோடு ஆட வேண்டி வந்தபோது இந்தோனேசியா விலகிக்கொண்டது. துருக்கியும் சூடானும் அதேபோல் விலகின. எதிரணியே இல்லாமல் இஸ்ரேல் முன்னேறியதைப் பார்த்து, ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஒரு அணி உலகக் கோப்பைக்குப் போகக் கூடாது என்று ஃபிஃபா வேல்ஸ் அணியோடு அதை மோத வைத்தது. வேல்ஸ் வென்றது. அப்போது இந்தோனேசியா செய்தது நேர்மையான காரியம்: விருப்பமில்லை, விலகுகிறோம், நஷ்டம் எங்களுக்கே. 1962-இல் நடந்தது வேறு. அழைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட வீட்டுக்காரர் வாசலில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

கால்பந்தைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரிது. 1954, 1958 இரண்டு ஆசியப் போட்டிகளிலும் கால்பந்துத் தங்கம் வென்ற அணி தைவான்தான். ஆக, நடப்புச் சாம்பியன் இல்லாமலேயே போட்டி தொடங்கியது. எட்டு அணிகள் மட்டும். பளுதூக்குதலின் சர்வதேச சம்மேளனம் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றதால் அந்தப் பிரிவே நடக்கவில்லை. தடகளத்துக்கும் அதே மிரட்டல் இருந்தது.

சோந்தியும் செப்டம்பர் 3-உம்

சோந்தி விதியைப் பிடித்துக்கொண்டார். எல்லா உறுப்பினரும் அழைக்கப்படவில்லை, ஆகவே இதை ஆசிய விளையாட்டுப் போட்டி என்று அழைக்கக் கூடாது, வேண்டுமானால் ஜகார்த்தா விளையாட்டு என்று சொல்லிக்கொள்ளட்டும் என்பது அவர் வாதம். போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போதே கூட்டமைப்பின் கூட்டத்தில் இதை எழுப்பினார்.

விதிப்படி அவர் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் நேரமும் இடமும் பார்க்கத் தெரியாத மனிதர் என்றே எனக்குத் தோன்றுகிறது. கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது எழுந்து நின்று 'இது கல்யாணமே அல்ல' என்று சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. இந்தோனேசியர்களுக்கு அது தங்கள் நாட்டின் மானத்தின் மீது விழுந்த அடி. சோந்தி இந்திய அரசின் தூதர் அல்ல, ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினர் என்ற வேறுபாட்டைத் தெருவில் நின்ற கூட்டம் பார்க்கவில்லை. அவர் இந்தியர், அது போதும்.

செப்டம்பர் 3 அன்று ஆயிரக்கணக்கானோர் ஜகார்த்தாவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் மீது பாய்ந்தார்கள். கல் வீசினார்கள், உள்ளே புகுந்து சேதப்படுத்தினார்கள். சோந்தியைத் தேடி ஹோட்டல் இந்தோனேசியாவுக்கும் கூட்டம் போனது. அன்றே அவர் நாட்டை விட்டு வெளியேறினார்.

மறுநாள் செப்டம்பர் 4. கால்பந்து இறுதி ஆட்டம். ஆடவேண்டிய அணிகளில் ஒன்று இந்தியா.

ரஹீம் சாஹிப்

அந்த அணியைக் கொண்டு வந்தவரைப் பற்றிச் சொல்லாமல் ஆட்டத்துக்குப் போக முடியாது. சையத் அப்துல் ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்றார். தொழில், பள்ளி ஆசிரியர். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று வரிசையாக வகுப்பறைகளில் நின்றவர். பிறகு உடற்கல்வியில் பட்டயம் வாங்கினார். 1943 முதல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர். 1950-இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளர் ஆனார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் தவிர வேறு யாருக்கும் கால்பந்து தெரியாது என்று இருந்த காலத்தில், தக்காணத்துக் காவலர்கள் அதைச் செய்தார்கள்.

அவர் பயிற்சி முறையில் ஆசிரியரின் கை தெரியும். பந்தைத் தனியே தட்டிக்கொண்டு போகக் கூடாது, அனுப்பித்தான் ஆட வேண்டும் என்ற விதியோடு ஒரு போட்டி நடத்துவார். பலவீனமான காலால் மட்டும் ஆடும் போட்டி இன்னொன்று. வலது காலால் மட்டுமே உதைத்துப் பழகியவன் இடது காலில் தடுமாறுவான், சிரிப்பார்கள், ஒரு பருவம் போனால் இரண்டு காலும் பேசும். மதரஸாவில் நாற்பது பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தும் எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. பலம் உள்ள இடத்திலேயே மேலும் பலம் சேர்ப்பது சுலபம். பலவீனத்தை வைத்து ஆட வைக்கத்தான் பொறுமை வேண்டும்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடப் போன இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. குளிர், காலணி இல்லை, எதிரே ஐரோப்பாவின் சிறந்த அணிகளில் ஒன்று. 1956 மெல்போர்னில் அதே ரஹீமின் அணி ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம். 1960 ரோமில் பிரான்ஸோடு 1-1 எனச் சமன் செய்தது. நான்கே ஆண்டில் பத்துக் கோல் வாங்கிய அணியை அரை இறுதி வரை கொண்டு போன ஆசிரியர் அவர்.

1962-இல் அவர் உடல்நலம் கெட்டிருந்தது. புற்றுநோய்.

ஜகார்த்தாவுக்குப் போன அணி

அணித் தலைவர் சுனி கோஸ்வாமி. பி.கே. பானர்ஜி, அருண் கோஷ், பிரசாந்த சின்ஹா, ராம் பகதூர், பஞ்சாபின் ஜர்னைல் சிங், திரிலோக் சிங், கேரளத்தின் சந்திரசேகர், மும்பையில் ஆடிய ஃபோர்ச்சுனாட்டோ ஃபிராங்கோ, ஹைதராபாத்தின் யூசுஃப் கான், அஃப்ஸல். தமிழ் வாசகர்கள் நின்று பார்க்க வேண்டிய பெயர்களும் உண்டு. கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953-இல் ராணுவத்தில் சேர்ந்து, குன்னூர் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்காக ஆடினார். அந்த மையம் 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அருமைநாயகம், எத்திராஜ் ஆகியோரின் பெயர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

தொடக்கம் நன்றாக இல்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றார்கள், ஆனால் அந்த ஆட்டத்தில் தடுப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என வென்று அரையிறுதிக்கு வந்தார்கள்.

இங்கே ரஹீம் எடுத்த முடிவு கால்பந்து தெரிந்தவர்கள் இன்றும் பேசுவது. தலையில் கட்டுப்போட்ட ஜர்னைலைத் தடுப்பில் வைத்தால் பந்தைத் தலையால் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உட்கார வைக்கவும் மனமில்லை. முன்வரிசையில் நிறுத்தினார். மாணவப் பருவத்தில் முன்வரிசையில் ஆடியவர்தான் ஜர்னைல். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்றார்கள், ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

போட்டி நடத்திய இந்தோனேசியா அரையிறுதிக்கே வரவில்லை. மலாயாவிடம் தோற்று வெளியேறியது. போட்டிக்கு முன்பே லஞ்சப் புகாரில் அதன் முன்னணி வீரர்கள் பலர் விலக்கப்பட்டிருந்தார்கள். சொந்த அணி இல்லாத அரங்கில், எதிர்க்க ஓர் அணி மட்டும் கிடைத்தது.

செப்டம்பர் 4

தூதரகம் தாக்கப்பட்ட மறுநாள் காலை இந்திய வீரர்கள் எப்படி இருந்திருப்பார்கள்? அவர்களில் பலர் பின்னாளில் சொன்ன செய்திகள் ஒத்துப்போகின்றன. பேருந்தில் இந்தியக் கொடி இல்லை. வழியில் கூட்டம் வண்டியைப் பார்த்துக் கத்தியது. தலைப்பாகை கட்டிய ஜர்னைலைக் கண்டால் யார் என்று உடனே தெரிந்துவிடும் என்பதால் அவர் இருக்கையில் அமராமல் கீழே உட்கார்ந்து வந்தார்.

அரங்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இந்தியத் தேசிய கீதம் ஒலித்தபோது எழுந்த கூச்சலில் இசை கேட்கவில்லை. ஆட்டத்தில் பந்து இந்தியர் காலுக்கு வரும்போதெல்லாம் கூச்சல், கொரியர் காலுக்குப் போனால் கைதட்டல். கொரியர்கள் மீது அங்கே யாருக்கும் தனிப் பாசம் இல்லை, இந்தியாவுக்கு எதிரணி என்பதுதான் அவர்களுடைய தகுதி.

அந்த லட்சம் பேருக்குள் இந்தியாவுக்காகக் கைதட்டிய ஒரு சிறு கூட்டம் இருந்தது. பாகிஸ்தான் ஹாக்கி அணியினர். ஹாக்கி இறுதியில் இந்தியாவை 2-0 என வீழ்த்தித் தங்கம் வாங்கியவர்கள், கால்பந்து அரங்குக்கு வந்து நம்மவர்களுக்கு ஆதரவு கொடுத்தார்கள் என்று இந்திய வீரர்கள் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பிரிவினையில் லயால்பூர்ப் பக்கம் இருந்து அகதியாக வந்த குடும்பம் ஜர்னைலுடையது. அவருக்காக அங்கே கை தட்டியது லாகூர்ப் பையன்கள்.

எதிரே நின்ற தென்கொரியா சாதாரண அணி அல்ல. 1956, 1960 இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்ற அணி, பத்து நாள் முன்பு இதே இந்தியாவை வென்ற அணி. 17-ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். 20-ஆவது நிமிடத்தில், தையல் போட்ட தலையோடு முன்வரிசையில் நின்ற ஜர்னைல் இரண்டாவது கோல் போட்டார். காய்ச்சலில் இருந்து எழுந்து வந்திருந்த தங்கராஜ் கோலைக் காத்தார். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் கொரியா ஒரு கோல் திருப்பியது. 2-1. முதல் நாள் இரவு ரஹீம் வீரர்களைக் கூப்பிட்டுத் தனக்கு ஒரு பரிசு வேண்டும் என்று கேட்டதாகவும், அது இந்தத் தங்கம்தான் என்றும் அணியில் இருந்தவர்கள் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாணவனுக்கு என் பதில்

ஒரு முஸ்லிம் நாடு ஏன் இப்படிச் செய்தது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில், கூச்சலிட்டவர்கள் மார்க்கத்துக்காகக் கூச்சலிடவில்லை. தேசிய ரோஷத்தில் கத்தினார்கள். அதே அரங்கில் ஓர் இந்து நாட்டு அணி, ஒரு கிறிஸ்தவ நாட்டு அணி என்று பிரித்துப் பார்த்து யாரும் கத்தவில்லை. சோந்தி ஜப்பானியராக இருந்திருந்தால் கல் ஜப்பான் தூதரகத்தின் மீது விழுந்திருக்கும்.

ஆனால் அதோடு விட்டுவிட எனக்கு மனம் இல்லை. பலஸ்தீனத்துக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அந்த அநீதியை எதிர்த்து ஒரு நாடு விலை கொடுத்து நிற்பது கண்ணியமானது. இந்தக் காரணம் சரியானது என்பதால் அதன் பேரில் செய்யப்பட்ட எல்லாமே சரியாகிவிடுமா என்பதே கேள்வி.

ஃபிக்ஹு நூல்களில் 'அமான்' என்று ஒரு பாடம் உண்டு. நம் ஊருக்குள் வர அனுமதி பெற்று வந்தவரின் உயிருக்கும் பொருளுக்கும் மானத்துக்கும் நாம் பொறுப்பு. அனுமதி கொடுத்தவர் சாதாரண ஆளாக இருந்தாலும் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். மக்கா வெற்றி நாளில் உம்மு ஹானி (ரலி) அவர்கள் ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தப் பெண்மணியின் வாக்கைத் தம் வாக்காக ஏற்றார்கள். புகாரியில் உள்ள செய்தி. அடைக்கலம் கேட்டு வரும் இணைவைப்பாளரைக்கூடப் பாதுகாப்பான இடம்வரை கொண்டுசேர்க்கச் சொல்கிறது அத்தவ்பா அத்தியாயத்தின் 6-ஆவது வசனம். இக்கால உலமாக்கள் பலர் விசாவை இந்த அமானின் இன்றைய வடிவமாகவே பார்க்கிறார்கள். அப்படியானால் 1962-இல் விசா பெற்று ஜகார்த்தாவில் இறங்கிய ஒவ்வோர் இந்திய வீரரும் அமான் பெற்றவர். சோந்தியும்தான்.

தூதர்கள் விஷயம் இன்னும் தெளிவு. பொய் நபித்துவம் பேசிய முஸைலிமாவின் தூதர்கள் மதீனாவுக்கு வந்து, அவன் சொல்வதையே தாங்களும் சொல்வதாக நபியவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். தூதர்கள் கொல்லப்படுவதில்லை என்ற மரபு இல்லாவிட்டால் தண்டனை வேறு விதமாக இருந்திருக்கும் என்று கூறி நபியவர்கள் அவர்களை விட்டுவிட்டார்கள். அபூதாவூதில் இருக்கிறது. இதைவிடக் கடுமையான சீண்டல் ஒன்றும் ஜகார்த்தா கூட்டத்தில் சோந்தி செய்துவிடவில்லை.

வாக்குறுதி விஷயமும் அப்படியே. இஸ்ரேலுக்கு விசா தர முடியாது என்றால் போட்டியை ஏற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்து போட்டுவிட்டு, அரங்கம் கட்டிவிட்டு, கடைசியில் கதவைச் சாத்துவது எதிர்ப்பு அல்ல. ஒரு கூட்டத்தார் மீதான வெறுப்பு நம்மை நீதியிலிருந்து தவறச் செய்யக் கூடாது என்ற அல்மாயிதா 8-ஆவது வசனத்தின் கட்டளையை நாம் மேடைகளில் அடுத்தவருக்குத்தான் அதிகம் ஓதிக் காட்டுகிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரஹீம் சாஹிபின் கதையை இப்போது சிலர் இந்திய முஸ்லிம்களின் தேசப்பற்றுக்குச் சான்றிதழாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். எனக்கு அது உவப்பாக இல்லை. யாரும் கேட்காத சான்றிதழை நீட்டினால் கேட்க உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் பள்ளி ஆசிரியர், தன் வேலையை மிக நன்றாகச் செய்தார். பி.கே. பானர்ஜிக்கும் ஜர்னைலுக்கும் யாரும் இந்தச் சான்றிதழ் கேட்பதில்லை.

பின்னர் நடந்தவை

1963 பிப்ரவரியில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. சுகர்னோ அசரவில்லை. புதிதாக எழுந்துவரும் நாடுகளுக்கென்று 'கானெஃபோ' என்ற தனிப் போட்டியை 1963 நவம்பரில் அதே செனயான் அரங்கில் நடத்தினார். ஏறக்குறைய 50 நாடுகள் வந்தன. விளையாட்டில் அரசியல் கலக்கக் கூடாது என்ற பேச்சே பொய், ஒலிம்பிக்கும் அரசியல்தான் என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் கானெஃபோவில் ஆடியவர்களுக்குத் தடை வந்தது, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தோனேசியா பங்கேற்கவில்லை. விலை கொடுத்தவர்கள் வீரர்கள்.

1964-இல் ஆசியக் கோப்பையை நடத்தியது இஸ்ரேல். பல நாடுகள் புறக்கணித்தன. இந்தியா போய் ஆடி இரண்டாம் இடம் பெற்றது. ஆசியக் கோப்பையில் இன்றுவரை நம் சிறந்த இடம் அதுதான். அதைப் பெருமையாக எழுதுகிறவர்கள் யாரெல்லாம் வரவில்லை என்பதை எழுதுவதில்லை. 1974-இல் குவைத்தின் முயற்சியில் ஆசியக் கால்பந்து கூட்டமைப்பு வாக்கெடுப்பு நடத்தி இஸ்ரேலை வெளியேற்றியது. நீண்ட காலம் எந்தக் கண்டத்திலும் சேராமல் அலைந்த இஸ்ரேல் 1990-களில் ஐரோப்பியக் கூட்டமைப்பில் இடம் பெற்றது.

1962 மறுபடியும் நடந்தது. 2019-இல் இந்தோனேசியா 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நடத்தும் உரிமையைப் பெற்றது. கொரோனாவால் அது 2023-க்குத் தள்ளிப்போனது. இதற்கிடையில் இஸ்ரேல் அணி முதல்முறையாகத் தகுதி பெற்றுவிட்டது. ஜகார்த்தாவில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. குலுக்கல் நடக்கவிருந்த பாலியின் ஆளுநர் இஸ்ரேல் அணி தன் மாகாணத்தில் ஆடக் கூடாது என்றார். குலுக்கல் ரத்தானது, 2023 மார்ச் 29 அன்று ஃபிஃபா போட்டியையே பறித்து அர்ஜென்டினாவுக்குக் கொடுத்தது. இந்தோனேசியாவின் இளம் வீரர்கள் கண்ணீரோடு நின்றார்கள். இஸ்ரேல் அங்கே போய் மூன்றாம் இடம் பெற்றது. ரஷ்யாவை உக்ரைன் போருக்காக 2022-இல் சில நாட்களிலேயே விலக்கிய ஃபிஃபா, பலஸ்தீனக் கால்பந்து சங்கத்தின் முறையீடுகளை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டது என்ற கோபமும் பொய்யல்ல. அந்த இரட்டை அளவுகோலைக் கேட்க ஃபிஃபா மாநாட்டிலேயே எழுந்து நின்று வாக்குக் கேட்கலாம், கேட்கிறார்கள்.

ரஹீம் சாஹிப் 1963 ஜூன் 11 அன்று இறந்தார். ஜகார்த்தா தங்கத்துக்குப் பிறகு பத்து மாதம்கூட ஆகவில்லை. அவர் மகன் சையத் ஷாஹித் ஹகீம் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர், பின்னர் விமானப்படை அதிகாரி, சர்வதேச நடுவர். 2021 ஆகஸ்டில் அவரும் காலமானார். தங்கராஜ் 2008-இலும், பி.கே.யும் சுனியும் 2020-இலும், பலராம் 2023 பிப்ரவரியிலும் போய்ச் சேர்ந்தார்கள். ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி அதன் பிறகு தங்கம் வாங்கவில்லை. 1970-இல் ஒரு வெண்கலம், அவ்வளவுதான். 2018-இல் ஆசியப் போட்டி மறுபடியும் ஜகார்த்தாவுக்கு வந்தது, தொடக்க விழா அதே செனயான் அரங்கில். ஆசியாவின் முதல் எட்டு இடங்களுக்குள் இல்லை என்று சொல்லி இந்திய ஒலிம்பிக் சங்கம் கால்பந்து அணியை அனுப்பவில்லை.